நாலு போத்தலும் என் தங்கையின் மூக்கும்

புதன்கிழமை, பகல் ஒன்றேகால். யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் இறங்கியபோது என் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரிடமும் கொடுக்கவில்லை. உள்ளே என் கணவரின் கம்பளிச் சட்டைகளில் சுற்றிய இரண்டு வைன் போத்தல்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, மூன்று யூரோ தொண்ணூறு சதம். மற்றது ரோசே, வெளிர்ச் சிவப்பு நிறம், நாலு யூரோ இருபது. கொழும்பிலிருந்து நானூறு கிலோமீற்றரும் அந்தப் பெட்டியை என் கால்களுக்கு இடையில்தான் வைத்திருந்தேன்.

எதற்கு இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். பாரிசின் வடக்கே ஒரு பேரங்காடியில் ஒன்பது வருடமாக வைன் தட்டுகளை அடுக்குகிறேன். இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய், வைன் சுவைப்பதில் ஒரு சான்றிதழும் எடுத்தேன். எங்கள் பகுதியில் தமிழ்ச் சனம் அதிகம். சனிக்கிழமைகளில் யாராவது வந்து, “அக்கா, நண்டுக் கறிக்கு எதைக் குடிக்கிறது?” என்று கேட்பார்கள். இதைக் கவனித்த முகாமையாளர் ஒருநாள் கூப்பிட்டார். ஆறு யூரோவுக்குள் நாலு வைனைத் தெரிவுசெய், ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டுச் சாப்பாடு ஒன்றைப் பொருத்தி அட்டை எழுது, தனித் தட்டுத் தருகிறேன், எடுபட்டால் வைன் பகுதியின் பொறுப்பை உனக்கே தருகிறேன் என்றார். ஒன்பது வருடம் அடுக்கியவளுக்கு அது சின்ன விசயம் இல்லை.

என் வீட்டில் சமைத்தே பார்த்திருக்கலாம். ஆனால் என் சமையலை நம்பி ஒரு கடையே அட்டை அடித்து ஒட்டுவதற்கு எனக்கே துணிவு வரவில்லை. கல்யாணமாகி இருபது வருடமாகியும் என் கணவர் கறியைப் பிசைந்தபடி, “நல்லாத்தான் இருக்கு, ஆனா வாசுகி வைக்கிற மாதிரி வராது” என்பார். வாசுகி என் தங்கை. உரும்பிராயில் இருக்கிறாள். அவளுடைய சமையலை அவர் மொத்தமாக ஏழு முறை சாப்பிட்டிருக்கிறார். ஏழு முறையையும் எண்ணி வைத்திருப்பவள் நான்தான்.

நிலையத்துக்கு வெளியே ஓட்டோ பிடித்தேன்.

“உரும்பிராய்க்கு எவ்வளவு தம்பி?”

“ஆயிரத்திருநூறு தாங்கோ அக்கா. பெட்டிக்குள்ளை உடையிற சாமானோ? மெல்லமா ஓடுறன்.”

நகரத்தை விட்டு வெளியேற முன்னர் மதுக்கடை ஒன்றில் நிறுத்தச் சொன்னேன். நாலு போத்தல் வேண்டும், கையில் இருப்பது இரண்டு, அதற்கு மேல் சுங்கத்தில் விடமாட்டார்கள். கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். “அம்மா, பொம்பிளையளுக்குக் குடுக்கேலாது. சட்டம் அப்பிடி.” சான்றிதழ் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. பிறகு ஓட்டோக்காரத் தம்பியை அனுப்பி, நான் தெருவில் நின்றபடி விரலால் காட்டிக் காட்டி வாங்கினேன். சிலி நாட்டுச் சிவப்பு ஒன்று, ஆறாயிரத்து இருநூறு ரூபா. எங்கள் கடையில் இதே தரம் ஐந்து யூரோதான், இங்கே வரி மூன்று மடங்காக்கிவிட்டது. மற்றது உள்ளூர்த் திராட்சையில் செய்த இனிப்பு வைன், ஆயிரத்து அறுநூறு. எங்கள் தட்டில் இருக்கும் மலிவான இனிப்பு வைனுக்கு இங்கே கிடைத்த நெருங்கிய சொந்தம் அதுதான்.

“கலியாண வீடோ அக்கா?” என்றார் தம்பி, போத்தல்களை நீட்டியபடி.

“இல்லை, வேலை விசயம்.”

அவர் போத்தல்களை என் மடியில் வைத்துவிட்டு ஓட்டோவைக் கிளப்பினார்.

பலாலி வீதியில் எட்டுக் கிலோமீற்றர். சந்தியால் திரும்பியதும் செம்மண் தொடங்கிவிடும். தங்கையின் கணவர் தவராசா வீட்டுக்குப் பின்னால் மூன்று பரப்புக் காணியில் முந்திரிகைப் பந்தல் போட்டிருக்கிறார். திராட்சையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கின. இவ்வளவு திராட்சைக்கு நடுவே வாழ்கிற மனிதர் இதுவரை ஒரு மிடறு வைன் குடித்ததில்லை என்றார். வாசுகி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைவிட நாலு வயது குறைவு. கட்டிப் பிடித்துவிட்டு, “மெலிஞ்சு போனாய் அக்கா, அங்கை ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?” என்றாள். வந்து இரண்டு நிமிடத்தில் என் சமையலுக்கு முதல் அடி. அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சுட்டது.

வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை. முதல் பரிசோதனை. வாசுகி பாரை மீன் குழம்பு வைத்திருந்தாள், வறுத்த தூள் போட்டு, புளி விட்டு. நான் சிலிச் சிவப்பைத் திறந்தேன். கனமான மசாலாவுக்குக் கனமான சிவப்பு என்பது வகுப்பில் படித்த பாடம். கண்ணாடிக் குவளை ஒன்றை எனக்கும் ஒன்றைத் தவராசாவுக்கும் வைத்து, இரண்டு விரல் உயரம் வார்த்தேன். வாசுகி குடிக்க மாட்டாள். ஒருநாளும் குடித்ததில்லை.

தவராசா மரவள்ளிப் பொரியலைக் கடித்துக்கொண்டு குவளையை ஒரே இழுவையில் முடித்துவிட்டு, “ம், பரவாயில்லை மச்சாள்” என்றார். அந்த நேரம் வாசுகி சோற்றுக் கோப்பையோடு வந்தாள். வந்த கையோடு இரண்டு குவளைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னுடையதில் பாதி இருந்தது.

“ஏன்டி எடுக்கிறாய்?”

“சோறு வந்திட்டுதெல்லே அக்கா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே குடி ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். கடிக்க ஏதாவது வைத்துக்கொண்டு குடித்து முடிப்பார்கள். சோறு வந்தால் போத்தல் போய்விடும். சோற்றோடு குவளையை வைப்பது இந்த ஊரில் குடிகாரன் செய்கிற வேலை. சாப்பாட்டுக்கு வைன் பொருத்த ஐயாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்தவள், சாப்பாடும் வைனும் ஒரே மேசையில் இருக்கவே கூடாத வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கெஞ்சிக் குவளையைத் திருப்பி வாங்கினேன். குழம்பில் ஒரு வாய், சிவப்பில் ஒரு மிடறு. நாக்கு எரிந்தது. தூளின் உறைப்பை வைன் இரண்டாக்கிவிட்டது, வைனோ புளித்த தேத்தண்ணிச் சாயம் போலக் கசந்தது. என் வகுப்பில் காரம் என்றால் மிளகுதான். வறுத்த மிளகாய்த்தூளை அந்த ஆசிரியர் கண்டிருக்கவே மாட்டார். தவராசா மரியாதைக்கு ஒரு மிடறு குடித்துவிட்டுச் செம்புத் தண்ணீரைத் தேடினார். என் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. இந்த வீட்டில் வெள்ளியென்றால் மச்சம் கிடையாது. மீன், இறைச்சி எதுவும் உள்ளே வராது. சமைத்ததைச் சாமிக்குப் படைத்த பிறகுதான் யாரும் சாப்பிடுவார்கள். வாசுகி தலை முழுகி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாழையிலை வெட்டப் பின்வளவுக்குப் போனாள். நான் குசினிக்குள் தனியே நின்றேன். குழம்பு கொதித்தது. இனிப்பு வைனுக்கு இது பொருந்துமா என்று யோசித்தபடி, பழக்க தோசத்தில் கரண்டியால் கொஞ்சம் எடுத்து ஊதி நாக்கில் வைத்தேன். உப்புக் காணாதது போல இருந்தது. அரைத் தேக்கரண்டி போட்டுக் கலக்கினேன்.

வாசுகி இலையோடு வாசலில் நின்றிருந்தாள். கரண்டி இன்னும் என் வாயருகே இருந்தது.

“அக்கா, படைக்க முன்னம் வாய் வைச்சிட்டியே” என்றாள். சத்தம் போடவில்லை. பானையை மெல்ல இறக்கி ஒரு பக்கத்தில் வைத்தாள். அது இனி எச்சில், சாமிக்கு ஆகாது. கூடையிலிருந்து வேறு நாலு கத்தரிக்காய் எடுத்து வெட்டத் தொடங்கினாள். நானும் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். ஐம்பது வயதில் ஒருத்தி, தங்கை வீட்டில், களவாகத் தின்று பிடிபட்ட பிள்ளை மாதிரி.

“நீ உப்புப் பாக்கிறேல்லையோ?” என்று கேட்டேன்.

“வெள்ளியிலை எப்பிடிப் பாக்கிறது? மணந்தால் தெரியும். உப்புக் காணாத கறியிலை பச்சை மணம் நிக்கும். அளவா விழுந்தால் அந்த மணம் போயிடும். உது முதலே சரியா இருந்தது அக்கா.”

நான் நம்பவில்லை. பன்னிரண்டு மணிக்குப் படையல் முடிந்து இரண்டு குழம்பும் மேசைக்கு வந்தன. நான் உப்புப் போட்டது வாயில் வைக்க முடியாத கரிப்பு. அவள் ஒரு துளியும் நாக்கில் படாமல் வைத்தது அச்சொட்டு. கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் உப்புத் தெரியாது என்பதைச் சான்றிதழ்க்காரி மறந்துவிட்டேன். கிழமைக்கு ஒருநாள், விரத காலத்தில் நாள்தோறும், இருபத்தைந்து வருடமாக இவள் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சமைத்திருக்கிறாள். நான் இரண்டு குளிர்காலம் காசு கட்டிப் படித்தது இதைத்தான். தவராசா என் குழம்பிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டார், என் மனம் நோகக்கூடாது என்று. அதுதான் கூட நொந்தது.

சனிக்கிழமை, காலை ஆறே முக்கால். தவராசாவின் மோட்டார் சைக்கிளில் குருநகருக்கு நண்டு வாங்கப் போனோம். ஒன்பது கிலோமீற்றர். வள்ளங்கள் கரைக்கு வந்திருந்தன, மீனவர்கள் வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கோயில் மணி அடித்தது. கிலோ ஆயிரத்து எண்ணூறு என்றார் விற்ற பெண்மணி. நான் பெரியதாகப் பார்த்து ஒன்றைத் தூக்கினேன்.

“அதை வையுங்கோ பிள்ளை. பெருசெண்டு பாக்கிறியள், உள்ளுக்கை தண்ணிதான். கையிலை பாரம் தெரியவேணும்” என்று அவரே நாலு பொறுக்கித் தந்தார். வந்த நாளிலிருந்தே எனக்கு யாராவது ஏதாவது சொல்லித் தந்துகொண்டிருந்தார்கள்.

பகல் ஒரு மணி. நண்டுக் கறி, முருங்கையிலை போட்டது. மேசையில் நாலு போத்தலும் திறந்திருந்தன. வாசுகி இப்போது குவளைகளை எடுத்துக்கொண்டு ஓடவில்லை, என் வேலைக்காக விட்டுவிட்டாள். எனக்கு ஒரு எரிச்சல் கலந்த விளையாட்டுப் புத்தி வந்தது.

“வா, உன்ரை மூக்காலை இதையும் பாத்துச் சொல்லு” என்றேன். அவள் முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். உண்மையை மறைத்து என்ன.

அவள் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு குவளையாக முகர்ந்தாள். கறிச் சட்டியின் ஆவியை ஒருமுறை, குவளையை ஒருமுறை. கடைசியில் ரோசேயை எடுத்து நண்டுக் கறிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதிலை வத்தகப்பழத் தோல் மணம் கிடக்கு. நண்டின்ரை இனிப்போடை போகும், தூளோடையும் சண்டை பிடிக்காது.” தர்ப்பூசணியைத்தான் சொன்னாள். பிறகு வெள்ளையைத் தொட்டாள். “உது தேசிக்காய்ப் புளி மாதிரி. நண்டுக்கு விட்டால் நண்டு தெரியாமல் போயிடும். சொதிக்குத்தான் சரி, இடியப்பத்தோடை.” இனிப்பு வைன் பொரித்த குழம்புக்கு என்றாள். சிவப்பை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். “தூள் போட்ட ஒண்டுக்கும் உதைக் காட்டாதை. உழுந்து வடை மாதிரி எண்ணெய்ச் சாமானோடை, சோத்துக்கு முன்னம் குடிக்கட்டும்.”

நாலு நிமிடம் ஆகியிருக்காது. நாலு அட்டைக்கும் பதில் சொல்லிவிட்டாள். ஒரு சொட்டும் நாக்கில் வைக்கவில்லை.

நான் நண்டுச் சதையை வாயில் வைத்து ரோசேயைக் குடித்தேன். அவள் சொன்னது சரி. எவ்வளவு சரி என்றால், ஒன்பது வருடத்தில் நான் ஒரு வாடிக்கையாளருக்கும் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தேன். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. கறியைத்தான் பறித்துக்கொண்டாள், கைப்பக்குவம் என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கினாள், என் புருசன் வாயாலேயே சொல்ல வைத்தாள். இந்த ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும் என்றுதானே இவள் தொடாத பொருளைத் தேடிப் பிடித்தேன்? அதையும் சீலைத் தலைப்பில் கை துடைத்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டாளே.

“இல்லை வாசுகி,” என்றேன். “ரோசே இதுக்குச் சரிவராது. வெள்ளைதான் பொருந்துது.”

தவராசா தயங்கினார். “எனக்கெண்டால் இது நல்லாத்தான் கிடக்கு மச்சாள்.”

“நீர் சும்மா இரும். அக்கா படிச்சவ, அவவுக்குத் தெரியும்” என்றாள் வாசுகி. “நான் குடிச்சுப் பழக்கமே? ஏதோ வாயிலை வந்ததைச் சொன்னனான்.” எழுந்துபோய் இன்னும் நண்டுக் கறி எடுத்துவந்து எனக்குப் போட்டாள்.

அன்று பின்னேரம் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். ‘நண்டு: வெள்ளை’ என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பேரில் ஒரு பொய்யை அட்டையில் அடித்து ஒட்டுவதா, அல்லது அவளுடைய உண்மையை என் பேரில் ஒட்டுவதா? மூன்றாவது வழியாக, அவள் பேரையே போடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. போட்டால் பொறுப்பு எனக்கு எதற்கு என்று முகாமையாளர் கேட்பார். தவராசா முந்திரிகைக் கொடிகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். வாசுகி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வெள்ளையை அரைக் குவளை வார்த்துச் சொதியோடு குடித்தேன். அவள் சொன்னபடியே. மத்தியானம் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் இனிப்பு வைனும், அதுவும் அவள் சொன்னபடியே. பின்னேரம் வடை சுட்டாள், தவராசா சிவப்பை வடையோடு குடித்துவிட்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். எங்காவது ஒரு இடத்தில் பிழை விட மாட்டாளா என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். பிழை விடவில்லை. நான் அட்டைகளுக்கான வசனங்களை எழுதினேன். வத்தகப்பழத் தோல், தேசிக்காய், சண்டை பிடிக்காதது, எல்லாம் அவளுடைய சொற்கள். என் சொற்களைத் தேடிப் பார்த்தேன், வகுப்பில் கொடுத்த தாளில் இருந்தவை மட்டும்தான் வந்தன.

திங்கட்கிழமை, பகல் ஒன்று இருபது. புகையிரதத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். தவராசா பெட்டியோடு முன்னே போய்விட்டார். வாசுகி வறுத்த தூள் இரண்டு கிலோவைக் கட்டித் தந்து, “காத்துப் படாமல் வை” என்றாள். மேடையில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லாமல் ஏறினால் பாரிஸ் வரை தொண்டையில் நிற்கும் என்று தோன்றியது.

“வாசுகி, நான் பொய் சொன்னனான். நண்டுக்கு ரோசேதான் சரி.”

“தெரியும் அக்கா.”

“எப்பிடி?”

“வெள்ளைப் போத்திலிலை முக்கால் அப்பிடியே கிடந்தது. ரோசே முடிஞ்சு போச்சு. மேசை துடைச்சது நான்தானே.”

“பின்னை ஏன் அப்பவே சொல்லேல்லை?”

“அவருக்கு முன்னாலை உன்னைப் பிழை எண்டு சொல்லுறதோ?” என்றாள். தூள் பொதியின் முடிச்சை இறுக்கிவிட்டு, “உனக்கு உந்த வேலை கிடைக்கவேணும். உன்ரை பேரையே போடு. நான் ஆருக்கு என்ன வைன் விக்கப் போறன்?” என்றாள்.

அவள் கோபித்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக ஏறியிருப்பேன். இந்தப் பெருந்தன்மையைக் கூட எனக்கு முன்னால் அவளே எடுத்துக்கொண்டாள். புகையிரதம் கிளம்பியபோது அவள் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். கொடிகாமம் தாண்டும் வரை எனக்கு அவள்மேல் பாசமா பொறாமையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனையிறவில் கடல்நீர் வெயிலில் மினுங்கியபோது, பொறாமைதான் கூட என்று எனக்கு நானே ஒத்துக்கொண்டேன்.

பாரிஸ், பத்து நாள் கழித்து. முகாமையாளர் நாலு அட்டைகளையும் வாசித்தார். நண்டு அட்டையில் வெள்ளையை வெட்டி ரோசே என்று எழுதியிருந்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, இப்படி யாரும் எழுதித் தந்ததில்லை, இதெல்லாம் எங்கே பிடித்தாய் என்று கேட்டார். என் தங்கை சொன்னவை என்றேன். அவள் எந்த நாட்டில் வைன் படித்தவள் என்றார். படிக்கவில்லை, வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்ததில்லை, முகர்ந்து பார்த்துச் சொன்னாள் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல பகிடி, இவ்வளவு அடக்கம் வியாபாரத்துக்கு ஆகாது என்று சொல்லி, நாலு அட்டையின் கீழும் என் பெயரை அடிக்கச் சொன்னார். நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.